பரணிலிருந்து இறங்கும் ஸ்டீரியோ: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் தந்தையார் 1978இல் சிங்கப்பூரிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த சான்சுயி ஆம்ப்ளிஃபயர் ஏறத்தாழ 20 ஆண்டுகளாகப் பரணில் கிடக்கிறது. பிளக்கை மாட்டிப் போட்டுப் பார்க்கலாமா? உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் அத்தனையையும் மாற்றியே ஆக வேண்டும் என்று மெக்கானிக் ஒருவர் சொல்கிறார். (திருச்சியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தயவுசெய்து நேரடியாக மாட்டிவிடாதீர்கள். மின்னேற்றத்தைச் சேமித்துவைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குள் மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துவது மிக மெல்லிய ஓர் ஆக்சைடு படலம். பல்லாண்டுகள் மின்னழுத்தமே படாமல் கிடந்தால் அந்தப் படலம் நலிந்துபோகிறது. அந்த நிலையில் முழு 230 வோல்ட்டையும் ஒரே நொடியில் கொடுத்தால், கெப்பாசிட்டர் சூடேறி வெடிக்கவும், தன்னோடு மற்ற பாகங்களை இழுத்துக்கொண்டு போகவும் கூடும். பொறுமையில்லாமல் நானே ஒருமுறை அப்படிச் செய்து, நல்ல நிலையில் இருந்த அவுட்புட் ட்ரான்சிஸ்டர்கள் இரண்டை இழந்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஏற்றுமதிக்காகச் செய்யப்பட்ட ஜப்பானியப் பெட்டிகள் பலவற்றில் மின்னழுத்தத்தைத் தேர்ந்துகொள்ளும் அமைப்பு இருக்கும். அது 220 அல்லது 240இல் நிற்க வேண்டும். ஜப்பானுக்குள் மட்டும் விற்பதற்காகச் செய்தவை 100 வோல்ட்டுக்கானவை என்பதால் அவற்றுக்குத் தனியே ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் தேவைப்படும். அடுத்து, ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றிவிட்டு, எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் போர்டு வழியாக, 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் வைத்து மின்சாரம் கொடுங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. குண்டு பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் உள்ளே பெரிய பழுது ஏதும் இல்லை என்று கொள்ளலாம். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. உடனே அணைத்துவிட்டு, தெரிந்தவரிடம் கொடுங்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதால், பழக்கமில்லாதவர்கள் மூடியைத் திறந்து கை வைக்கக் கூடாது.

இந்தச் சோதனையில் தேறினால், பல்பை நீக்கி நேரடியாக இணைத்து, ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை டி.சி. அளவில் வைத்துப் பாருங்கள். இரு பக்கமும் 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதற்குப் பதில் சில வோல்ட்கள் காட்டுமானால், அந்த ஆம்ப்ளிஃபயர் பாட்டோடு சேர்த்து இடைவிடாத நேர்மின்னோட்டத்தையும் ஸ்பீக்கருக்கு அனுப்பும். ஸ்பீக்கரின் கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் கருகிவிடும். ஸ்பீக்கரைக் காக்கும் தானியங்கி சுவிட்சான ரிலே உள்ள பெட்டிகளில், பொத்தானை அழுத்திய சில விநாடிகள் கழித்து 'டிக்' என்று ஒலிப்பது பெட்டியே இதைச் சரிபார்த்துவிட்டது என்பதன் அடையாளம். அந்த ஒலி வராத பெட்டியை, ரிலேயைத் தாண்டி ஒயர் போட்டு ஓட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

கெப்பாசிட்டர்கள் அனைத்தையும் மாற்றுவது பற்றி மெக்கானிக் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். வெப்பம் படும் இடங்களிலும் மின்வழங்கிப் பகுதியிலும் உள்ள சிறிய எலக்ட்ரோலிட்டிக்குகள் காய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அவற்றை அளந்து, 105 டிகிரி தாங்கும் புதியவற்றைப் போடுங்கள். சென்னை ரிச்சி தெருவில் இவை எளிதாகக் கிடைக்கும். ஃபிலிம், செராமிக் வகைகள் அரிதாகவே கெடுகின்றன. நாற்பது ஆண்டுப் பலகையில் ஒவ்வொரு முறை சால்டர் அயர்னை வைக்கும்போதும் செம்புத் தடம் பெயர்ந்து வரும் அபாயம் இருக்கிறது. தேவையின்றி அந்த அபாயத்தை ஏன் நூறு முறை எதிர்கொள்ள வேண்டும்? அதேபோல, வேலை செய்யும் பழைய அவுட்புட் ட்ரான்சிஸ்டர்களை 'புதிது போடலாம்' என்று கழற்ற விடாதீர்கள். அன்றைய எண்களைத் தாங்கிய போலிகள் சந்தையில் ஏராளம். ஒன்றை மட்டும் அவரிடம் அவசியம் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள்: 1970களின் ஜப்பானியப் பெட்டிகள் பலவற்றில், பாகங்கள் ஆடாமல் இருக்கப் பூசிய பசை, காலப்போக்கில் பழுப்பேறி, பாகங்களின் கால்களை அரிப்பதோடு மின்சாரத்தையும் கசியவிடத் தொடங்குகிறது. அதைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும்.

கேள்வி: பழைய ஸ்பீக்கர் ஜோடி ஒன்றை வாங்கினேன். வூஃபர் கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் தொட்டாலே மாவாக உதிர்கிறது. வேறு வூஃபர் வாங்கிப் பொருத்திவிடலாமா? (கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி)

பதில்: கூம்பும் வாய்ஸ் காயிலும் நன்றாக இருக்கும்போது வூஃபரைத் தூக்கி எறிவது பெரும் இழப்பு. ஃபோம் வளையம் நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் 15, 20 ஆண்டுகளில் நைந்துபோவது இயல்புதான். ரப்பரிலும் துணியிலும் செய்த வளையங்கள் அதைவிட நெடுங்காலம் உழைக்கும். விரல்களைக் கூம்பின் மேல் எதிரெதிராக வைத்து மெல்ல அழுத்திப் பாருங்கள். உரசும் சத்தம் கேட்கவில்லையென்றால், புதிய ஃபோம் வளையம் ஒட்டினாலே போதும்.

ஆனால் ஏதோ ஒரு வளையம் என்று ஒட்டிவிட முடியாது. எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர் 1954இல் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தின் ஏ.ஆர்-1 ஸ்பீக்கரில், காற்றுப் புகாமல் மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே கூம்புக்குச் சுருள்வில்லாகப் பயன்படுத்தினார். அதனால்தான் அதுவரை அலமாரி அளவு பெட்டி கேட்ட தாழ்ந்த சுருதி, புத்தக அடுக்கில் வைக்கும் பெட்டியிலிருந்து வந்தது. அந்த முறையைப் பின்பற்றிய ஸ்பீக்கர்களில் வளையம் மிக மென்மையாக இருக்க வேண்டும். கடினமானதை ஒட்டினால் மிருதங்கத்தின் தொப்பி ஒலி மெலிந்து, வலந்தலை மட்டுமே கேட்பதுபோல் ஆகிவிடும். வூஃபரைத் திரும்பப் பொருத்தும்போது விளிம்பில் காற்றுக் கசியாதபடி அடைப்பதும் அவ்வளவு முக்கியம். ஒட்டும்போது, மெதுவாகக் காயும் பசையைப் பயன்படுத்தி, 30 ஹெர்ட்ஸ் ஒலியை மிகக் குறைந்த அளவில் கொடுத்துக்கொண்டே வளையத்தை நடுவாக்கினால், வாய்ஸ் காயில் எங்கும் உரசாமல் அமர்ந்துவிடும். ஒன்று மட்டும் உதிர்ந்திருந்தாலும் இரண்டையும் ஒன்றாகவே மாற்றுங்கள்.

கேள்வி: முதன்முறையாகப் பழைய ஸ்டீரியோ வாங்கப்போகிறேன். 160 வாட் பெட்டி ஒன்றும் 20 வாட் பெட்டி ஒன்றும் கண்ணில் பட்டன. வாட் அதிகமாக இருப்பதுதானே சிறந்தது? (மதுரையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: எட்டு மடங்கு வாட் என்றால் எட்டு மடங்கு சத்தம் என்று எண்ணுவது இயல்பு. செவி அப்படிக் கேட்பதில்லை. வாட் இரட்டிப்பாகும்போது கூடுவது 3 டெசிபல் மட்டுமே. ஆக உங்கள் இரு பெட்டிகளுக்கும் இடையே 9 டெசிபல்தான் வேறுபாடு, அதாவது ஏறக்குறைய இரு மடங்கு உரக்கக் கேட்கும். 1978இல் வந்த நாட் (NAD) நிறுவனத்தின் 3020 ஆம்ப்ளிஃபயரில் சேனலுக்கு (ஒரு பக்கத்துக்கு) 20 வாட்தான் எழுதியிருந்தது. இன்றுவரை அதைத் தேடி வாங்குகிறார்கள். 1974இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் வீட்டு ஆம்ப்ளிஃபயர்களின் வாட்டைத் தொடர்ச்சியான திறனாகவே குறிப்பிட வேண்டும் என்று விதி செய்தது. அந்த விதிக்கு உட்பட்டு வந்த பெட்டிகளில் 20 என்றால் உண்மையிலேயே 20. பிற்காலச் சிறு பெட்டிகளின் மேல் ஒட்டியிருக்கும் ஆயிரக்கணக்கான 'வாட்'டுகளோடு இதை ஒப்பிட வேண்டாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஸ்பீக்கரை முதலில் தேர்ந்தெடுத்து, பணத்தின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குவேன். பி.பி.சி. வடிவமைத்த சிறிய எல்.எஸ். 3/5ஏ போன்றவை ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 83 டெசிபல் தருபவை. 90 டெசிபல் ஸ்பீக்கர் அதே சத்தத்தை ஐந்தில் ஒரு பங்கு வாட்டில் தந்துவிடும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு 90 டெசிபல் ஸ்பீக்கரும் 20 வாட்டும் தாராளம். கூடம் பெரியதாக இருந்தால் மட்டும் 40, 50 வாட்டைப் பாருங்கள். ஓம் குறைந்தால் ஆம்ப்ளிஃபயருக்குச் சுமை கூடும் என்பதால், ஸ்பீக்கரின் முதுகில் 4 ஓம் என்று எழுதியிருந்தால், ஆம்ப்ளிஃபயர் அதைத் தாங்குமா என்று பார்த்த பின்பே வாங்குங்கள். 8 ஓம் ஜோடிகள் இரண்டை ஆம்ப்ளிஃபயரின் 'ஏ', 'பி' ஸ்பீக்கர் இணைப்புகள் இரண்டிலும் ஒருசேர ஓட்டினாலும், பெரும்பாலான பெட்டிகளுக்கு அது 4 ஓம் சுமைதான்.

வாங்கப் போகும்போது உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டை எடுத்துச் செல்லுங்கள். அரை மணி நேரமாவது ஓடவிட்டு, பெட்டி சூடேறிய பின் இரு பக்கமும் ஒரே அளவில் பாடுகிறதா என்று கவனியுங்கள். குளிர்ந்த நிலையில் ஒளிந்துகொள்ளும் பழுதுகள் சூட்டில்தான் வெளிப்படும்.

கேள்வி: மின்தடையின்போது இன்வெர்ட்டரில் ஓட்டினால் ஆம்ப்ளிஃபயர் உறுமுகிறது. பழுதா? (விழுப்புரத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: பழுது ஆம்ப்ளிஃபயரில் இல்லை. சதுர அலை இன்வெர்ட்டர் தரும் மின்சாரத்தில் பழைய ட்ரான்ஸ்ஃபார்மர் உறுமத்தான் செய்யும், சூடும் ஏறும். சைன் அலை இன்வெர்ட்டர் இல்லையென்றால் அந்த நேரத்தில் அணைத்து வையுங்கள்; மின்சாரம் திரும்பி ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள்.

கேள்வி: வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரக்கிறது. வீட்டிலிருக்கும் துரு நீக்கும் எண்ணெயை அடிக்கலாமா? (நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: அடிக்காதீர்கள், அது படிந்து தூசியை இழுத்து, சில மாதங்களில் கரகரப்பை அதிகமாக்கும். எலக்ட்ரானிக் பாகங்களுக்கென்றே விற்கும் கான்டாக்ட் கிளீனரை, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, குமிழின் பின்னுள்ள துளையில் ஒரு சொட்டு விட்டு, முப்பது நாற்பது முறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்புங்கள். முழுதும் உலர்ந்த பின் போடுங்கள். கடலோரத்தில் இருப்பதால் ஒலிக் கம்பிகளைச் செருகும் பின்பக்க ஆர்.சி.ஏ. முனைகளையும் ஆண்டுக்கு ஒருமுறை அதே திரவத்தால் துடையுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது ஒரு மணி நேரம் பாடவிடுங்கள்; உள்ளே படியும் ஈரத்தை அந்தச் சூடே விரட்டிவிடும்.