வளைவு கூடிய லென்ஸில் ரே எங்கே தொலைகிறது?

மதுரைப் பக்கம் ஸீமாக்ஸ் (லென்ஸ் வழியே ரே, அதாவது ஒளிக்கதிர், போகும் பாதையைக் கணக்கிடும் வடிவமைப்பு மென்பொருள்) பழகுகிறவர்கள் கேட்டவை.

திருமங்கலம்: அண்ணே, பரப்பின் ஆரம் 10 மி.மீ., ஒளிப் பீமை 22 மி.மீ. விட்டத்துக்கு அகலமாக்கியதும் 'ரே மிஸ்டு சர்ஃபேஸ்' (ரே பரப்பைத் தொடவில்லை) என்று நிற்கிறது. மென்பொருள் கோளாறா?

பதில்: அது மேல பழி போடாதீங்க தம்பி. 10 மி.மீ. ஆரக் கோளம் அச்சிலிருந்து 10 மி.மீ. உயரத்தோடு முடிஞ்சுபோச்சு. 11-இல் போகும் ரே எதைத் தொடும்? கோனிக்கோடு (பரப்பு கோளத்திலிருந்து எவ்வளவு விலகுதுன்னு சொல்லும் எண், கோளத்துக்கு 0) 1 கூட்டி, உயரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, ஆரத்தின் வர்க்கத்தால் வகுங்க. 1-ஐத் தாண்டினால் அங்கே பரப்பே கிடையாது. கோனிக் −0.5 என்றால் 14.1 மி.மீ. வரை போகலாம், +1 என்றால் 7.07-லேயே முடிவு. சாதாரணக் கோளத்திலும் 9 மி.மீ. உயரத்தில் சாக் (பரப்பின் நடுப்புள்ளியிலிருந்து அச்சு வழியே உள்வாங்கிய ஆழம்) 5.64 மி.மீ., சரிவு 64 டிகிரி. இரு பக்கமும் அப்படியே குவிந்தால் மையத் தடிமன் 11.28-க்குக் கீழே வந்ததும் விளிம்பு மைனஸ் ஆயிடும்.

மேலூர்: சார், பிஎம்எம்ஏ பிளாஸ்டிக்கில் ஐஓஎல் (கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸ்), இரு பக்கமும் ஆரம் 15.4 மி.மீ. திறன் 20 டயாப்டர் வரணும், 63 காட்டுது.

பதில்: லென்ஸைக் காற்றில் வச்சிருக்கீங்க. கண்ணுக்குள் முன்னும் பின்னும் ஒளிவிலகல் எண் 1.336 உள்ள திரவம். மெட்டீரியல் கட்டத்தில் லென்ஸுக்கு முந்தைய பரப்பிலும் லென்ஸின் பின்பரப்பிலும் அதைப் போடுங்க. 1992 முதல் ஆரோலேப் ஐஓஎல் செய்யும் ஊரில் இந்தப் பிழை வரலாமா!

திருப்பரங்குன்றம்: ஈவன் ஆஸ்பியரை (உயரத்தின் இரட்டைப்படை அடுக்குகளைக் கெழுக்களால் பெருக்கிக் கூட்டி வடிவம் தரும் பரப்பு) ஆப்டிமைஸ் செய்தால் பரப்பு நெளிந்து ரேக்கள் சிதறுகின்றன.

பதில்: கெழு சின்ன எண்ணா இருக்கேன்னு ஏமாறாதீங்க. 9-இன் எட்டாம் அடுக்கு 4.3 கோடி, அதன் கெழு 0.0000001 இருந்தாலே விளிம்பு 4.3 மி.மீ. நகரும். ரே தொடும் புள்ளியை மென்பொருள் தோராயமாகத் தொடங்கி நெருங்கித் தேடுது. பரப்பு நெளிந்தால் தேடல் வழி தவறும். கெழுக்களைச் சுழியாக்கி, அபெர்ச்சரை (ஒளி நுழையும் திறப்பு) பாதியாக்கி, ஆரத்தையும் கோனிக்கையும் மட்டும் மாற விடுங்க. அப்புறம் நான்காம் அடுக்கு, ஆறாம் அடுக்கு. கூடவே அபெர்ச்சரையும் மெல்ல ஏத்துங்க. இரண்டாம் அடுக்கைத் தொடாதீங்க, ஆரம் செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்யும். மெரிட் ஃபங்ஷனில் (ஆப்டிமைஸ் செய்யும்போது எட்ட வேண்டிய இலக்குகளின் பட்டியல்) எம்என்இஜி என்ற குறைந்தபட்ச விளிம்புத் தடிமன் கட்டளையைப் போட்டு விளிம்புத் தடிமனைக் காப்பாத்துங்க.

உசிலம்பட்டி: ஒரு பக்கம் தட்டையான லென்ஸ், ஆரம் 10, ஒளிவிலகல் எண் 1.5. இணை பீமில் 6.7 மி.மீ. உயரத்துக்கு மேல் டிஐஆர் (ஒளி வெளியேறாமல் உள்ளேயே முழுதும் எதிரொளிப்பது) வருது.

பதில்: தட்டைப் பக்கம் பீமைப் பார்த்திருக்கு. வளைந்த பக்கத்தில் உள்ளிருந்து படும் கோணம் 41.8 டிகிரியைத் தாண்டுவது சரியா 6.67-இல். லென்ஸைத் திருப்பிப் போடுங்க, 9 மி.மீ. ரேகூட பின்பக்கத்தில் 27 டிகிரியில்தான் படும், வெளியே வந்திடும்.