சர்வீஸ் செய்த பத்தாம் நாள் எஞ்சின் இறுகினால் யார் பொறுப்பு?

கேள்வி: வணக்கம் ஐயா. நான் பிறையில் குடியிருக்கிறேன், பாயான் லெப்பாஸில் ஷிப்ட் வேலை. என்னிடம் இருப்பது ஆறு வருடப் பழைய கப்சாய் மோட்டார் (சின்ன மோட்டார் சைக்கிள்). போன மாதம் வீட்டுப் பக்கத்துப் பட்டறையில் எஞ்சின் எண்ணெய் மாற்றினேன். பத்து நாள் கழித்து, இரவு ஷிப்ட் முடிந்து பினாங்கு பாலத்தில் வரும்போது 'டக் டக்' என்று சத்தம் கேட்டது. கொஞ்ச தூரத்திலேயே எஞ்சின் இறுகி வண்டி நின்றுவிட்டது. அதே பட்டறைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனேன். எஞ்சினில் எண்ணெயே இல்லை என்கிறார்கள். "பழைய வண்டி எண்ணெய் குடிக்கும், நீதான் பார்த்து ஊத்தியிருக்கணும்" என்கிறார் முதலாளி. பிரித்துச் சரிசெய்ய 1,600 ரிங்கிட் கேட்கிறார். சர்வீஸுக்கு பில் தரவில்லை. கியூஆர் ஸ்கேன் செய்துதான் காசு கட்டினேன். கடைச் சுவரில் 'வண்டி வெளியே போனால் கடை பொறுப்பல்ல' என்று எழுதியிருக்கிறது. நான் என்ன செய்யலாம்?

பதில்: வழக்குப் போடலாம். ஆனால் அதற்கு முன்னால் இன்றே பட்டறைக்குப் போன் செய்து, எஞ்சினில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சொன்னதையே வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்புங்கள். எஞ்சினைப் பிரித்துக் கழுவி, தேய்ந்த பாகங்களைக் குப்பையில் போட்டுவிட்டால் உங்கள் சாட்சியும் அதோடு போய்விடும். சட்டம் உங்கள் பக்கம் இருந்தும், இந்த இடத்தில் அவசரப்பட்டு 'சரி, செய்யுங்கள்' என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு நிற்பவர்கள் நிறையப் பேர்.

உங்கள் வழக்கு முழுவதும் ஒரே கேள்வியில் நிற்கிறது: எண்ணெய் எங்கே போனது? கப்சாய் எஞ்சினுக்கு ஒரு லிட்டருக்கும் குறைவாகத்தான் எண்ணெய் பிடிக்கும். அது மூன்று வழியில் குறைந்திருக்கலாம். மாற்றும்போதே சரியான அளவு ஊற்றாமல் விட்டிருக்கலாம். அடியில் இருக்கும் வடிகால் போல்ட்டைச் சரியாக முறுக்காமலோ, அளவுக்கு மீறி முறுக்கி மரையை அறுத்தோ, வழி நெடுக ஒழுகியிருக்கலாம். அல்லது முதலாளி சொல்வது போல எஞ்சினே எண்ணெயை எரித்திருக்கலாம். மூன்றுக்கும் தடயம் வேறு வேறு.

எண்ணெய் ஒழுகியிருந்தால் எஞ்சினின் அடி வயிறு, பின் சக்கரப் பக்கம் எல்லாம் எண்ணெய் பட்டு, அதன் மேல் தூசி அப்பியிருக்கும். நீங்கள் வண்டி நிறுத்தும் இடத்தில் தரையில் கறை இருக்கும். அதை மழை கழுவுவதற்குள் படம் எடுங்கள். போல்ட்டைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். கையாலேயே சுழன்று வந்ததா, மரையில் அலுமினியத் துகள் சுற்றிக்கொண்டிருக்கிறதா, வாஷர் இருக்கிறதா என்று கவனியுங்கள். அதை வீடியோவாக எடுக்க வேண்டும். மிச்சம் வடியும் எண்ணெயை அளவு குறித்த பாத்திரத்தில் பிடித்து, அளவு தெரியும்படி படம் எடுத்து, ஒரு போத்தலில் ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் எண்ணெய் குடித்தது என்றால் புகை வந்திருக்க வேண்டும். பிறையிலிருந்து பாயான் லெப்பாஸுக்குப் பத்து நாள் போய் வந்தால் ஏறக்குறைய நானூறு, ஐந்நூறு கிலோமீட்டர். அதற்குள் அவ்வளவு எண்ணெயையும் எரித்துத் தீர்க்கிற எஞ்சின் நீலப் புகையாகக் கக்கும்; பின்னால் வருபவர் மூக்கைப் பிடித்துக்கொள்வார். ஆகவே உங்களோடு தினமும் ஷிப்டுக்கு வரும் நண்பர் யாராவது 'புகையே இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால், முதலாளியின் வாதம் பெரிதும் அடிபடும்.

இவற்றை எல்லாம் வேறொரு பட்டறையின் மூத்த மெக்கானிக்கிடம் காட்டி, காரணம் இன்னது என்று கடைத்தாளில் எழுதி வாங்குங்கள். இழப்பீடு கேட்பவர் நீங்கள் என்பதால் நிரூபிக்கும் பாரமும் உங்களுடையதே. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க இது கொலை வழக்கு அல்ல. இப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும்.

இனிச் சட்டம். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவு, காசு வாங்கி வேலை செய்பவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்கிறது. யாரும் எழுதித் தராவிட்டாலும் அந்த உத்தரவாதம் உண்டு. 6ஆம் பிரிவின்படி இந்தச் சட்டம் தரும் உரிமைகளை ஒப்பந்தம் போட்டுப் பறிக்க முடியாது. ஆகவே சுவரில் எழுதிய வாசகத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். வேலை சரியில்லை என்றால், அதைச் சரிசெய்து தரும்படி முதலில் கேட்க வேண்டும். மறுத்தால் வேறு இடத்தில் செய்து, நியாயமான செலவை வாங்கலாம். அந்தத் தவறால் வரும் என்று முன்கூட்டியே தெரியக்கூடிய மற்ற நஷ்டத்தையும் கேட்கலாம் என்று 60ஆம் பிரிவு சொல்கிறது. லாரிக் கூலி, வேலைக்குப் போக ஆன பஸ், கிராப் செலவு, ஆதாரம் இருந்தால் வேலைக்குப் போகாததால் வெட்டிய சம்பளம் எல்லாம் இதில் வரும். ஆறு வருட வண்டிக்குப் புத்தம் புது எஞ்சின் கேட்காதீர்கள். அப்படிக் கேட்பவரின் நியாயமான கோரிக்கையும் சேர்ந்து பலவீனமாகிறது.

எதிர்த் தரப்பு உங்களை இரண்டு கேள்வி கேட்கும். பத்து நாளில் எண்ணெய் அளவைப் பார்த்தீர்களா? பெரும்பாலான கப்சாய் மோட்டாரில் எண்ணெய் குறைந்தால் எரியும் விளக்கு கிடையாது, குச்சியை எடுத்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் அப்போதுதான் எண்ணெய் மாற்றிய வண்டியைப் பத்து நாளுக்குள் சோதிக்காதது பெரிய அலட்சியம் என்று நான் நினைக்கவில்லை. இரண்டாவதுதான் கனமானது: சத்தம் கேட்ட பிறகு எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள்? 'கொஞ்ச தூரம்' என்று எழுதியிருக்கிறீர்கள். இரவில், பாலத்தின் நடுவில், ஓரங்கட்ட இடம் பார்த்து உருட்டிக்கொண்டு வந்தது வேறு. கரை வரை இழுத்து ஓட்டியது வேறு. நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். உங்கள் பக்கத்திலும் தவறு இருந்தால் இழப்பீடு குறையலாம், அதனால் கோரிக்கையே விழுந்துவிடும் என்பதில்லை.

பில் இல்லையே என்று கவலை வேண்டாம். கியூஆர் கட்டணம் வங்கிக் கணக்கில் தேதியோடும் பெறுநர் பெயரோடும் பதிவாகியிருக்கும். காப்புறுதியை மட்டும் நம்பாதீர்கள். வழக்கமான மோட்டார் பாலிசி இயந்திரக் கோளாற்றுக்குப் பணம் தராது.

முதலில் 14 நாள் கெடு வைத்து முதலாளிக்கு ஒரு கடிதம் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் டிடிபிஎம் என்று எல்லாரும் சொல்லும் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை தீர்ப்பாயத்துக்குப் போங்கள். கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், சம்பவம் நடந்து மூன்று வருடத்துக்குள் பதிய வேண்டும். பொதுவாக அங்கே வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அனுமதியில்லை. அதனால் வழக்கறிஞரான எனக்கு இதில் வேலை இல்லை, உங்களுக்கும் என் செலவு இல்லை. இணையத்திலேயே பதியலாம். மனு எழுதக் கை நடுங்கினால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் கேளுங்கள், இது போன்ற புகார்களில் அவர்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு. விசாரணை நாளில் வராமல் இருந்துவிடாதீர்கள். தீர்ப்பாயத்தின் உத்தரவை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம், அபராதமோ சிறையோ வரலாம். பட்டறைக்காரர்களுக்கு இது தெரியும்.

வண்டியை வேறு பட்டறைக்கு எடுக்கும்போது, இதுவரை சோதித்துப் பார்த்த கூலி கேட்டு முதலாளி வண்டியைப் பிடித்து வைக்கலாம். சின்னத் தொகை என்றால் சண்டை போடாமல் கட்டி, 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதி ரசீது வாங்கி, வண்டியோடு கழற்றிய எல்லாப் பாகங்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் காசையும் கோரிக்கையில் சேர்க்கலாம்.

கடிதம் போன பிறகு முதலாளி இறங்கி வரலாம். பக்கத்துக் கடை, நாளைக்கும் முகம் பார்க்க வேண்டியவர். பாகத்துக்கு நீங்கள் பாதி போடுங்கள், கூலி வேண்டாம் என்பார். உங்கள் ஆதாரம் எவ்வளவு பலமோ அதைப் பொறுத்து ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் எந்தெந்தப் பாகம் மாற்றுகிறார், எவ்வளவு யார் காசு, எந்தத் தேதிக்குள் தருவார், எத்தனை மாத உத்தரவாதம் என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகே எஞ்சினைத் திறக்க விடுங்கள்.