மூட்டுக்கு ஓய்வா, வேலையா?

வாசகர் கேள்வி – பதில்: விளையாட்டு மருத்துவம்

கேள்வி: எனக்கு 42 வயது. வாரத்தில் நான்கு நாள் ஓடுகிறேன். அண்மையில் தூரத்தைக் கூட்டியதிலிருந்து முழங்கால் சில்லைச் சுற்றி வலிக்கிறது. ஓடினால் மூட்டு தேய்ந்துவிடும் என்று வீட்டில் தடுக்கிறார்கள். நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம், குறைத்துக்கொள்ளுங்கள். எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் கிடையாது. மூட்டு எடையைத் தாங்கி அமுங்குவதும் பிறகு தளர்வதுமாக இருக்கும்போதுதான் அதைச் சூழ்ந்துள்ள மூட்டுத் திரவத்திலிருந்து அதற்கு ஊட்டம் சேர்கிறது. ஆகவே, அசையாத மூட்டு பாதுகாப்பான மூட்டு என்று எண்ணிவிடக் கூடாது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஒரு மதிப்பாய்வில், இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் உடல்நலத்துக்காக ஓடுவோரில் 3.5 விழுக்காட்டினரிடமும், ஓடாமல் உட்கார்ந்தே இருப்போரில் 10.2 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடுவோரிடம் அது 13.3 விழுக்காடாக இருந்தது. நல்ல மூட்டு வாய்த்தவர்களே தொடர்ந்து ஓடுகிறார்கள் என்பதும் இதற்கு ஓரளவு காரணமாக இருக்கலாம் என்றாலும், அளவான ஓட்டத்தைக் குற்றம் சொல்ல இதில் இடமில்லை.

உங்கள் வலிக்குக் காரணம் தூரத்தைக் கூட்டிய வேகமாகவே இருக்கக்கூடும். மூச்சும் தசையும் சில வாரங்களில் பழகிக்கொள்கின்றன. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களுக்கோ மாதக்கணக்கில் அவகாசம் வேண்டும். வலி தொடங்குவதற்கு முன்பு ஓடிய தூரத்துக்குத் திரும்புங்கள். வேகத்தை மாற்றாமல், நிமிடத்துக்கு வைக்கும் அடிகளின் எண்ணிக்கையை 5 முதல் 10 விழுக்காடு வரை கூட்டினால், காலடி குறுகி முழங்காலின் மேல் விழும் சுமை குறையும். வாரத்தில் இரண்டு நாள் தொடைக்கும் இடுப்புக்கும் வலுப் பயிற்சி செய்யுங்கள். ஓடும்போது தோன்றும் இலேசான வலி மறுநாளைக்குள் அடங்கிவிட்டால் அந்த அளவு உங்களுக்கு ஏற்றது. அடங்காவிட்டால் அது கூடுதல்.

கேள்வி: என் மகளுக்கு 15 வயது, பள்ளிக் கால்பந்து அணியில் ஆடுகிறாள். அவளுடைய தோழிக்கு, யாரும் மோதாமலேயே, திரும்பும்போது முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் பயம் நியாயமானதே. நீங்கள் ஜவ்வு என்று குறிப்பிடுவது பெரும்பாலும், முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் ஏ.சி.எல். என்னும் தசைநாராக இருக்கும். அது கிழியும் நிகழ்வுகளில் பெரும்பாலானவை எதிராளி மோதாமலேயே, ஓடிவந்து சட்டென்று நிற்கும்போதோ, திசை மாறும்போதோ, குதித்து ஒற்றைக் காலில் இறங்கும்போதோ நேர்கின்றன. கால்பந்து போன்ற ஆட்டங்களில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம்.

ஆறுதலான செய்தி, இதைப் பெருமளவு தடுக்க முடியும் என்பது. உங்கள் மகளை ஒரு தாழ்வான படியிலிருந்து குதிக்கச் சொல்லி எதிரே நின்று பாருங்கள். இறங்கும் கணத்தில் முழங்கால்கள் இரண்டும் உள்நோக்கிச் சாய்ந்து ஒன்றையொன்று நெருங்குகின்றனவா? கால்கள் மடங்காமல் விறைப்பாக இருக்கின்றனவா? அப்படியானால் அங்கேயே வேலையைத் தொடங்க வேண்டும். முழங்கால் பாத விரல்களுக்கு நேராக நிற்க, இடுப்பும் முழங்காலும் மடங்கி, சத்தமில்லாமல் இறங்கப் பழக்க வேண்டும்.

ஃபிஃபாவின் மருத்துவ ஆய்வு மையம் உருவாக்கிய ‘11+’ என்னும் 20 நிமிட வார்ம் அப், மெதுவோட்டம், வலு, சமநிலை, குதித்தல் ஆகியவற்றை ஒன்றாகக் கோத்திருக்கிறது. நார்வேயில் 13 முதல் 17 வயது வரையுள்ள வீராங்கனைகளிடம் நடத்தி 2008-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், இதைச் செய்த அணிகளில் மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. ஆனால், வாரத்துக்கு இரண்டு முறையாவது விடாமல் செய்தால்தான் பலன் கிட்டும்; போட்டிக்கு முந்தைய வாரம் மட்டும் செய்வது வீண். பயிற்சியாளரிடம் நீங்களே பேசுங்கள். ஆட்டத்துக்கு முன் தசைகளை நீட்டி வெகுநேரம் அசையாமல் நிற்பதையே வார்ம் அப் என்று கருதும் பழக்கம் இன்னும் மறையவில்லை. அது காயத்தைத் தடுப்பதாகத் தெரியவில்லை. உந்துவிசையையும் சற்று நேரம் குறைத்துவிடுகிறது.

கேள்வி: குந்தி எழும்போது முழங்காலில் ‘கடக் கடக்’ என்று சத்தம் வருகிறது; வலி இல்லை. தேய்மானமா?

வலியோ வீக்கமோ இல்லாத சத்தத்தைப் பொருட்படுத்த வேண்டாம். ஒரு கை விரல்களில் மட்டும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நெட்டி முறித்துவந்த அமெரிக்க மருத்துவர் டொனால்ட் அங்கர், இரு கைகளிலும் மூட்டுவாதம் இல்லையென்று எழுதி, 2009-இல் வேடிக்கைக்கான ‘இக் நோபல்’ பரிசையும் பெற்றார்.

கேள்வி: கைப்பந்து ஆடும் எனக்கு ஒரே கணுக்கால் அடிக்கடி பிசகிவிடுகிறது. குளுக்கோசமைன் மாத்திரை உதவுமா?

உதவாது. அது தேய்மானத்துக்காக விற்கப்படும் மாத்திரை. அதிலும், 2006-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் முழங்கால் வலிக்கு வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க பலனை அது தரவில்லை. முதல் பிசகு தசைநாரை மட்டுமல்லாமல், பாதம் சாய்வதை உடனே உணர்ந்து திருத்தும் திறனையும் கெடுத்துவிடுகிறது. வீக்கம் வடிந்ததும் பலர் ஆடத் திரும்பிவிடுவதால்தான் அது தொடர்கதையாகிறது. நாள்தோறும் ஒற்றைக் காலில் நில்லுங்கள். எளிதானதும் கண்ணை மூடிக்கொண்டு, பிறகு பந்தைப் பிடித்து எறிந்தபடி நில்லுங்கள். கூடவே குதிகாலை உயர்த்தித் தாழ்த்தும் பயிற்சியும் வேண்டும். ஆடும்போது சில மாதங்களுக்குக் கணுக்கால் பட்டை அணியலாம். பிசகியவுடன் நான்கு அடி கூட நடக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பைத் தொட்டால் வலித்தாலோ, எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் பயிற்சியைத் தொடங்காதீர்கள்.