கேள்வி–பதில்: கால் அமர்ந்த பிறகுதான் தடியின் அளவு

கேள்வி: மகன் ஜப்பானில், ஹொக்கைடோவில் படிக்கிறான். முதன்முறையாகப் பனிச்சறுக்குக்குப் போய்விட்டு, இரண்டு தொடையும் எரிகிறது, கணைக்காலின் முன்பக்கம் கன்றிப் போய்விட்டது என்கிறான். வாடகைக் கடையில் கால் நெருக்கக்கூடாது என்று ஓர் அளவு பெரிய சப்பாத்தாகக் கேட்டு எடுத்தானாம். உயரம் 172 சென்டிமீட்டர், கையில் ஊன்றக் கொடுத்த தடி 125. தடிதான் நீளம் என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள். எதை மாற்ற வேண்டும்?
– வாசகி, தலவாக்கலை

பதில்: தடி நீளம்தான். ஆனால் முதலில் சப்பாத்தை மாற்றச் சொல்லுங்கள். அதைச் செய்யாமல் தடியை மட்டும் மாற்றினால் தொடை எரிச்சல் அப்படியே இருக்கும்.

சறுக்குபவர் கணைக்காலால் சப்பாத்தின் முன்நாக்கை அழுத்தித்தான் காலில் பூட்டிய சறுக்குப் பலகையின் முன்பகுதியை ஆள்கிறார். சப்பாத்து பெரிதானால் குதிகால் உள்ளே எழும்பும், அந்த அழுத்தம் பலகைக்குப் போய்ச் சேராது. பலகை சொன்னபடி திரும்பாதபோது உடம்பு பயந்து பின்னே சாயும். நாற்காலியில்லாமல் உட்கார்ந்திருக்கும் நிலை அது. முழுப் பாரமும் தொடையில் இறங்குகிறது. மேடு பள்ளம் வரும்போதெல்லாம் தளர்ந்த கால் முன்னே போய் மோதுவதால் கணைக்கால் கன்றுகிறது.

சறுக்குச் சப்பாத்தின் எண், பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் சொல்வது. மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், குதிகாலைச் சுவரில் ஒட்டி, பாரத்தைக் காலில் போட்டு நின்று, மிக நீண்ட விரலின் நுனிவரை அளக்கவும். 26.3 வந்தால் 26.5 கேட்கலாம். பெரும்பாலும் 26க்கும் 26.5க்கும் சப்பாத்தின் கடினமான வெளிக்கூடு ஒன்றேதான் என்பதையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அந்த வெளிக்கூட்டை வைத்தே சரிபார்க்கலாம். உள்ளே இருக்கும் மெத்தென்ற உள்ளுறையைக் கழற்றிவிட்டு வெறும் கூட்டுக்குள் காலை விட்டு, விரல்நுனி முன்னே மெல்லத் தொடும்படி வைக்க வேண்டும். அப்போது குதிகாலுக்குப் பின்னால் 15 முதல் 20 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும். 25ஐத் தாண்டினால் அந்தச் சப்பாத்து வேண்டாம். உள்ளுறையைப் போட்டு நிமிர்ந்து நிற்கையில் விரல்கள் முன்னே உரசும். புதியவர்கள் இதற்குப் பயந்துதான் பெரிய அளவுக்குப் போகிறார்கள். முழங்காலை மடக்கி முன்னே சாய்ந்ததும் குதிகால் பின்னே போய் அமர்ந்து, விரல்கள் விலகிவிடும். அப்படி விலகினால் அளவு சரி.

பூட்டும்போது குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டி உள்ளே அமர்த்தவும். பிறகு கணுக்காலுக்கு நேரான பக்கிளை முதலில் இறுக்கி, முன்னே சாய்ந்து, மேலே உள்ளவற்றை இறுக்க வேண்டும். விரல்பக்கத்துப் பக்கிள்கள் கழன்றுவிடாத அளவுக்குப் பூட்டியிருந்தால் போதும். அவற்றை முறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து விரல் மரத்துப்போகும். ஒரு மணி நேரம் போனதும் உள்ளுறை சூடாகி இளகும், அப்போது ஒரு பல் கூட்டிப் பூட்டலாம். நுவரெலியாவின் தை மாதக் குளிருக்கு இரண்டு காலுறை போட்ட பழக்கம் இங்கே உதவாது. ஒரே ஒரு மெல்லிய காலுறைதான் வேண்டும். இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து கால் இன்னும் குளிரும்.

இனித் தடி. உயரத்தை 0.7ஆல் பெருக்கினால் 120.4, ஆகவே 120 சென்டிமீட்டர் தடி. கணக்கு தொடக்கத்துக்குத்தான். சப்பாத்தைப் பூட்டி, சறுக்கும்போது நிற்பதுபோல முழங்காலை இலேசாக மடக்கி நின்றுதான் அளக்க வேண்டும். தடியைத் தலைகீழாக்கி, கைப்பிடி தரையில் நிற்க, நுனியருகே உள்ள அடிவளையத்துக்குக் கீழே, அதை ஒட்டினாற்போல் பிடிக்கவும். முழங்கை செங்கோணமாக மடிந்தால் நீளம் சரி. பனிக்குள் புதையும் நுனியைக் கணக்கில் சேர்க்காமலிருக்கவே இந்தத் தலைகீழ் அளவை. பொருந்தாத சப்பாத்தில் விறைப்பாக நிற்பவரும், நல்ல சப்பாத்தில் கணுக்கால் மடிந்து தாழ்ந்து நிற்பவரும் ஒரே உயரமாக இருந்தாலும் அவர்களின் கை ஒரே உயரத்தில் இராது. தடிகள் பொதுவாக 5 சென்டிமீட்டர் இடைவெளியில்தான் வரும் என்பதால் அந்தச் சிறு வித்தியாசமே ஓர் அளவைக் கூட்டவோ குறைக்கவோ வைத்துவிடும். நீளத் தடி ஒவ்வொரு ஊன்றலிலும் கையை மேலே தள்ளித் தோளைப் பின்னே சாய்க்கும். உங்கள் மகனுக்கு இருக்கும் குறையை அது இன்னும் கூட்டும். மிகக் குட்டைத் தடி இடுப்பில் குனிய வைக்கும். இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் குட்டையானதை எடுப்பதே நல்லது.

கேள்வி: சிவனொளிபாத மலைக்கு நல்லதண்ணி வழியாக ஏறி இறங்கினால் ஒவ்வொரு முறையும் பெருவிரல் நகம் கறுத்துவிடுகிறது. புதுச் சப்பாத்து வாங்கியும் அப்படித்தான். நீளம் மாற்றக்கூடிய நடைதடிக்கு எது சரியான அளவு?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: நகம் கறுப்பது இறக்கத்தில்தான். நடைச் சப்பாத்தில் விரலுக்கு முன்னே ஒரு பெருவிரல் அகலம் இடம் வேண்டும், குதிகாலோ அசையக்கூடாது. சறுக்குச் சப்பாத்தைப்போல விரல் உரசும் அளவு இதற்கு ஆகாது. உச்சியிலிருந்து இறங்கத் தொடங்குமுன் நாடாவை மறுபடி கட்டுங்கள். மேல் இரண்டு துளைகளில் நாடாவை அதே பக்கத்திலேயே கோர்த்துச் சிறு வளையம் விட்டு, எதிர்ப்பக்க நாடாவை அதற்குள் விட்டு இழுத்து முடிந்தால் பாதம் முன்னே வழுக்காது.

தடியைச் சமதரையில், சப்பாத்துடன் நின்று, முழங்கை செங்கோணமாக வரும்படி வையுங்கள். இங்கே தலைகீழ் அளவை வேண்டாம். நுனி கல்லில்தான் ஊன்றுகிறது. ஏற்றத்துக்கு 5 சென்டிமீட்டர் குறைத்து, இறக்கத்துக்கு 5 முதல் 10 வரை கூட்டலாம். இறங்கும்போது தடியைக் கீழ்ப்படியில் முதலில் ஊன்றி, பிறகு காலை வைத்தால் முழங்காலுக்கும் விரலுக்கும் போகும் அடி குறையும். நுனியில் இரப்பர் மூடி இருக்கட்டும். நனைந்த சீமெந்துப் படியில் வெறும் இரும்பு நுனி வழுக்கும். மூடி தேய்ந்து இரும்பு தெரிந்தால் அன்றே மாற்றுங்கள்.