பின்னக் கூட்டல்: கீழ உள்ள எண் வேற வேற எண்டா?

உப்புவெளியில இருந்து ஒரு அம்மா: மகன் தரம் 6. 1/2 + 1/3 = 2/5 எண்டே எழுதுறான், எத்தினை தரம் சொன்னாலும் விளங்குதில்லை.

ஏசாதேங்கோ அம்மா. 2/5 பெருசா 1/2 பெருசா எண்டு மட்டும் கேட்டுப் பாருங்கோ. 2/5 அரையை விடச் சின்னன், அப்ப அரையோட இன்னும் கொஞ்சம் சேத்த பிறகு எப்பிடிக் குறைஞ்சது எண்டு அவனே முழிப்பான். இந்தப் பிழை சும்மா வாறேல்ல, டெஸ்ட்டில 10க்கு 7, அடுத்ததில 20க்கு 15 எடுத்தா மொத்தம் 30க்கு 22 எண்டு போடுறம்தானே, அதைப் பாத்துத்தான் பிள்ளையள் மேலயும் கீழயும் கூட்டுதுகள். அங்க முழுசே 30 ஆகிட்டுது. பின்னத்தில முழுசு மாறாது. ஒரே அளவு றொட்டி ரெண்டை ஆறாறு துண்டா வெட்டிக் காட்டுங்கோ, அரை எண்டா 3 துண்டு, மூண்டிலொண்டு எண்டா 2 துண்டு, மொத்தம் 5 துண்டு, ஒரு றொட்டியின்ர 5/6. பிறகு சம்பலோட சாப்பிடட்டும்.

கிண்ணியா, தரம் 8: சேர், பொ.ம.சி. (பொது மடங்குகளுள் சிறியது) கட்டாயம் வேணுமா? ரெண்டு பகுதியையும், அதாவது கீழ உள்ள எண்களை, பெருக்கினாப் போதாதா?

போதும், விடை பிழைக்காது. ஆனா 5/12 + 7/18ஐ அப்பிடிச் செய்தா 90/216 + 84/216, அதாவது 174/216, பிறகு 6ஆல சுருக்கித்தான் 29/36 வரும். பொ.ம.சி. 36ஐ எடுத்தா 15 + 14, நேர 29/36. எப்பிடியும் கடைசியில சுருக்கேலுமா எண்டு பாருங்கோ, பொ.ம.சி. எடுத்தாலும் சிலநேரம் சுருங்கும், 1/6 + 1/3 = 3/6, அது அரை.

மூதூர்: குறுக்குப் பெருக்கு (ஒண்டின்ர மேல் எண்ணை மற்றதின்ர கீழ் எண்ணால பெருக்கிறது) மூண்டு பின்னத்துக்குச் சரிவருமா?

ரெண்டு ரெண்டா எடுத்துச் செய்யலாம், ஆனா எனக்கு அந்த முறையில விருப்பமில்லை, ஏன் பெருக்குறம் எண்டு தெரியாமப் பெருக்குதுகள். 1/2 + 1/3 + 1/4 எண்டா 12ஐப் பிடியுங்கோ, 6 + 4 + 3, 13/12. கலப்பெண்ணா 1 1/12.

தம்பலகாமத்தில இருந்து ஒரு ஐயா: மாஸ்டர், ஒரு ஏக்கர் வயல்ல எனக்குக் கால் பங்கு, தங்கச்சிக்கு அஞ்சிலொண்டு. சேத்துக் குத்தகைக்குக் குடுத்தா எவ்வளவு காணி?

ஐயா, இது உங்களுக்குப் பேர்ச்சில தெரிஞ்ச கணக்குத்தான். ஏக்கர் 160 பேர்ச், உங்கட 40, தங்கச்சியின்ர 32, மொத்தம் 72 பேர்ச். பேரப்பிள்ளையின்ர கொப்பியில இதையே 5/20 + 4/20 = 9/20 எண்டு போட்டிருக்கும், 20ல ஒரு பங்கு 8 பேர்ச், ஒன்பது தரம் எடுத்தா அதே 72. வரப்பு யாற்ற பங்கில போகுது எண்டதை மட்டும் சர்வேயரிட்டக் கேளுங்கோ, அது என்ர பாடமில்லை.