வரிப்பணத்தில் படித்தவர் வெளிநாடு போய்விட்டால் அந்தப் பணம் எங்கே போகிறது?

கேள்வி இதுதான்: "அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் கோடிக்கணக்கில் கொடுக்கிறோம். படித்து முடித்ததும் எல்லாரும் விமானம் ஏறிவிடுகிறார்கள். இதனால் நாட்டுப் பொருளாதாரத்துக்கு என்ன லாபம்?"

நான் பெங்களூரின் பீனியா தொழிற்பேட்டையில் பட்டறை நடத்துகிறேன். இரண்டு லேத், ஒரு மில்லிங் மெஷின், ஆர்கான் வெல்டிங். அப்பா எச்.எம்.டி. என்ற அரசு இயந்திரத் தொழிற்சாலையில் லேத் ஓட்டும் டர்னராக இருந்தவர், வீடு ஸ்ரீராமபுரத்தில். அந்தப் பணம் என் பட்டறை வழியாகவும் போயிருக்கிறது, அதனால் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

2012-ல் டாடா இன்ஸ்டிட்யூட்டில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்த ஒரு தம்பி ஸ்கூட்டரில் வந்தார். இந்திய அறிவியல் நிறுவனத்தை இங்கே பழைய ஆட்கள் இன்னும் டாடா இன்ஸ்டிட்யூட் என்றுதான் சொல்வோம். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கையில் ஒரு டிராயிங். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வெற்றிடக் கலம் ஒன்று வேண்டும் என்றார். "அண்ணே, உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சி, வெளிக்காற்று அழுத்தத்தில் லட்சம் கோடியில் ஒரு பங்குக்குக் கொண்டு வரணும். வெளிநாட்டில் இருந்து வாங்க எங்க பிராஜெக்ட்டில் பணம் பத்தாது." அதுவரை நாங்கள் பம்ப் ஷாஃப்டும் புஷ்ஷும்தான் போட்டுக்கொண்டிருந்தோம்.

முதல் கலம் கசிந்தது. இரண்டாவதும் கசிந்தது. மூன்றாவதுக்குத் தம்பி பட்டறையிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். வெல்டிங்கை வெளிப்பக்கம் அடிக்காதீங்க, உள்பக்கம் அடிங்க என்றார். வெளியே அடித்தால் இரண்டு தகட்டுக்கும் நடுவே மயிரிழை இடுக்கு நின்றுவிடும்; அதில் சிக்கிய காற்று மாதக்கணக்கில் துளித்துளியாக வெளியே வந்து, ஓட்டை இருக்கிற மாதிரியே ஏமாற்றும். அடிமூடிய துளையில் திருகு போட்டால் அந்தத் திருகுக்கு நடுவிலும் மெல்லிய துளை போட வேண்டும், அதே காரணம்தான். இரண்டு பாகத்தைச் சேர்த்து முடுக்கும் வட்டத் தகடான ஃபிளாஞ்சில் கத்தி மாதிரி ஒரு விளிம்பு உண்டு. அது செப்பு வளையத்தைக் கடித்து உட்கார வேண்டும். அந்த விளிம்பில் நகக்கீறல் பட்டாலும் திரும்பக் கடைய வேண்டியதுதான். சுத்தம் செய்தபின் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசையே வெற்றிடத்தைக் கெடுத்துவிடும்.

மூன்றாவது கலத்தைச் சோதிக்கும்போது என்னையும் என் வெல்டரையும் ஆய்வகத்துக்குள் கூட்டிப் போனார். உள்ளே பம்ப் காற்றை இழுத்துக்கொண்டிருக்க, வெளியே ஒவ்வொரு மூட்டாக ஹீலியத்தை மெல்லப் பீய்ச்சினார். எங்கேயாவது கசிவு இருந்தால் ஹீலியம் உள்ளே நுழைந்து மீட்டர் எகிறும். கடைசி மூட்டு வரை எகிறவில்லை. வெல்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

தம்பி இப்போது ஜெர்மனியில் இருக்கிறார். உங்கள் கேள்வியின் கணக்குப்படி அவர் படிப்புக்குச் செலவான பணம் போயே போச்சு. ஆனால் அவர் சொல்லிக்கொடுத்தது பீனியாவை விட்டு எங்கேயும் போகவில்லை. அந்தக் கலத்தைப் பார்த்து லென்ஸுக்குப் பூச்சு போடும் கம்பெனி ஒன்று வந்தது. அப்புறம் மருந்தை உறையவைத்து உலர்த்தும் இயந்திரம் செய்கிறவர்கள் வந்தார்கள். நான்கு பேர் இருந்த இடத்தில் இன்று பதினொரு பேர். அந்த வெல்டர் இரண்டு தெரு தள்ளிச் சொந்தப் பட்டறை போட்டு அதே வேலையைச் செய்கிறான். என் ஆர்டர் சிலது அவனிடம் போகிறது, அதில் எனக்கு வருத்தம் இல்லை. எந்த பட்ஜெட் புத்தகத்தில் தேடினாலும் இதைக் கல்விச் செலவின் பலன் என்று எழுதியிருக்க மாட்டார்கள்.

இந்த ஊரே இப்படித்தான் வளர்ந்தது. டாடா குடும்பத்தின் பணத்தோடு மைசூர் அரசு 370 ஏக்கருக்கு மேல் நிலம் கொடுத்து, 1909-ல் டாடா இன்ஸ்டிட்யூட் உருவானது. அந்தக் காலத்தில் மைசூர்ச் சந்தனக் கட்டை கப்பலேறி ஜெர்மனிக்குப் போய் அங்கேதான் எண்ணெயாகும். 1914-ல் போர் வந்ததும் கட்டை தேங்கிவிட்டது. இங்கேயே எண்ணெய் வடிக்கும் முறையை டாடா இன்ஸ்டிட்யூட் பேராசிரியர்கள் உருவாக்கிக் கொடுத்தார்கள். அந்த எண்ணெயில் இருந்துதான் மைசூர் சாண்டல் சோப்பு வந்தது. 1940-ல் விமானத் தொழிற்சாலை தொடங்கியது, 1942-ல் இன்ஸ்டிட்யூட்டில் விமானப் பொறியியல் துறை தொடங்கியது. பின்னால் சதீஷ் தவான் அந்த நிறுவனத்துக்கு இயக்குநராக இருந்துகொண்டே இஸ்ரோவின் தலைவராகவும் இருந்தார். 1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற அமெரிக்க சிப் கம்பெனி இங்கே கடை விரிக்கும்போது, படித்த ஆளும் வேலை தெரிந்த கையும் ஊரில் தயாராக இருந்தன. அரசு அதற்கு முன் முக்கால் நூற்றாண்டாகச் செலவு செய்திருந்தது.

பலன் வர அவ்வளவு காலம் ஆகும் என்பதுதான் நமக்குப் பொறுக்கவில்லை. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வராமல் காக்கும் ரோட்டாவாக் சொட்டு மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மூலமான வைரஸை டெல்லி எய்ம்ஸில் பிரித்தெடுத்தது 1980-களில். மருந்து வெளிவந்தது 2015-ல். நடுவில் எத்தனை ஆட்சி மாறியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கல்விக்கு நாட்டு வருமானத்தில் 6 சதவீதம் ஒதுக்கச் சொல்லி 1966-லேயே கோத்தாரி குழு பரிந்துரைத்தது. 2020 கல்விக் கொள்கையும் அதே 6 சதவீதத்தைத்தான் திரும்பச் சொல்கிறது. ஆராய்ச்சிக்கு நாம் செலவிட்டது 2020-21 கணக்குப்படி நாட்டு வருமானத்தில் 0.64 சதவீதம், தென் கொரியா கிட்டத்தட்ட 5 சதவீதம். அங்கே பெரும்பகுதியைக் கம்பெனிகளே போடுகின்றன. இங்கே தனியார் பங்கு குறைவு, ஆகவே அரசு கையை இழுத்தால் வேறு கை இல்லை. 2017-ல் மத்திய அரசு கனரா வங்கியோடு சேர்ந்து உயர்கல்விக்கு நிதி கொடுக்க ஒரு நிறுவனம் தொடங்கியது. அது கொடுப்பது மானியம் இல்லை, கடன். கடன் வாங்கும் கல்வி நிறுவனங்கள் பலவும், எந்த வகை என்பதைப் பொறுத்து, அசலில் ஒரு பங்கையோ முழுவதையுமோ சொந்த வருமானத்தில் அடைக்க வேண்டும். ஒரு கல்லூரிக்குச் சொந்த வருமானம் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் பிள்ளைகள் கட்டும் ஃபீஸில் இருந்துதான். எனக்கு இது சரியாகப் படவில்லை.

வீண் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பெட்டி பிரிக்காத இயந்திரங்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் என் அனுபவத்தில் அதைவிடப் பெரிய சேதம், பணம் சீராக வராமல் இடைவெளி விட்டு வருவதால்தான். ஒரு அரசு ஆய்வகத்துக்கு நான் செய்துகொடுத்த வேலைக்குப் பில் பணம் 14 மாதம் கழித்து வந்தது. அவர்களுக்கே தவணை வரவில்லை. பில் போட்ட அடுத்த மாதமே ஜி.எஸ்.டி.யை நான் கையில் இருந்து கட்டியாயிற்று. அந்த இடைவெளியில் இரண்டு பையன்களை நிறுத்த வேண்டி வந்தது. கற்றுக்கொண்ட கைகள். ஒருவன் இப்போது உணவு டெலிவரி செய்கிறான்.

டாடா இன்ஸ்டிட்யூட் போன்ற இடங்களுக்காவது குரல் கொடுக்க ஆள் உண்டு. நம் நாட்டுக் கல்லூரிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பது மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றின் கல்லூரிகளிலும். என் மகள் அப்படி ஒன்றில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறாள். பாதிப் பாடங்களுக்குக் கௌரவ விரிவுரையாளர்கள். அவர்களுக்குச் சம்பளம் எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியாது. துறையில், வெற்றிடத்துக்குள் மூலக்கூறுகளை எடைபோட்டுச் சொல்லும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒன்று இரண்டு வருடமாகத் துணி போர்த்தி நிற்கிறது. வருடாந்தரப் பராமரிப்புக்குப் பணம் இல்லையாம். மகள் சாம்பிளைச் சின்னச் சின்னக் குப்பிகளில் அடைத்து, இரண்டு பஸ் மாறி வேறு இடத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்துவிட்டு வருகிறாள்.

என்ன கோளாறு என்று அவளிடம் கேட்டேன். "வேக்குவம் நிற்க மாட்டேங்குதாம்ப்பா" என்றாள். அது எனக்குத் தெரிந்த வேலை. காசு வேண்டாம், வந்து பார்த்துத் தருகிறேன் என்று துறைத் தலைவருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். அனுமதி வந்தால் சனிக்கிழமை வெல்டரையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.