அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் வெற்றிகரமான மல்யுத்தப் பயிற்சியாளர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள்? அந்த வேலைக்குள் நுழைவது எப்படி?

முதலில் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். அது புரிந்தால் பாதி வேலை புரிந்த மாதிரி.

இரண்டு பள்ளிகள் மோதும் ‘டூயல் மீட்’டில் ஒவ்வொரு எடைப் பிரிவிலும் பக்கத்துக்கு ஒருவர் இறங்குவார். மொத்தம் 12, 13 அல்லது 14 பிரிவுகள். எத்தனை என்பதை 2023-24 பருவத்திலிருந்து அந்தந்த மாநிலமே முடிவு செய்கிறது. எதிராளியின் தோள்பட்டைகளை ‘மேட்’ எனும் மெத்தை விரிப்பில் அழுத்தி ‘பின்’ செய்தால் அணிக்கு 6 புள்ளி. இருவரின் ஆட்டத்துக்குள் 15 புள்ளி முன்னிலையைத் தொட்டு அதை முடித்தால் அணிக்கு 5. எட்டிலிருந்து பதினான்கு வரை வித்தியாசம் என்றால் 4. அதற்கும் கீழே என்றால் 3. ஒரு பிரிவில் உங்களிடம் ஆளே இல்லை என்றால் எதிரணிக்கு 6 சும்மா போய்விடும்.

இரண்டு பிரிவு காலியாக இருந்தால் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே 12 புள்ளி கடன். அதை அடைக்க நான்கு பையன்கள் சாதாரண வெற்றி பெற வேண்டும். அதனால்தான் ஜெயிக்கிற கோச், பிடி சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் ஆள் பிடிக்கிறவராக இருக்கிறார். பெரும்பாலும் காலியாகக் கிடப்பது இரண்டு ஓரங்கள்: 106 பவுண்டு (48 கிலோ), 285 பவுண்டு (129 கிலோ). பெரிய உடம்புக்காரரை அமெரிக்க ஃபுட்பால் அணியில் தேட வேண்டும்; அவர்கள் பருவம் முடிகிற நவம்பரில்தான் மல்யுத்தம் தொடங்குகிறது. ஃபுட்பால் கோச்சோடு பகைத்துக்கொண்டவருக்கு ஹெவிவெயிட் கிடைக்காது. 106-க்கு ஒன்பதாம் வகுப்பில், கூடைப்பந்துக்கு உயரம் பத்தாத பொடியனைப் பார்க்க வேண்டும். நடுநிலைப் பள்ளியிலும் ஊர்க் கிளப்பிலும் குழந்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தால் இந்தத் தேடல் பாதியாகக் குறையும். ஃப்ளோரிடாவின் பிராண்டன் பள்ளி 1974-லிருந்து 2008 வரை தொடர்ந்து 459 டூயல்களில் ஜெயித்தது. இரண்டு மூன்று நட்சத்திரங்களை வைத்துக்கொண்டு அது முடியாது. ஒவ்வொரு எடையிலும் ஒரு ஆள், அவருக்குப் பின்னால் இன்னொரு ஆள் இருந்தால்தான் நடக்கும்.

அடுத்தது, தோற்பதைச் சிறிதாகத் தோற்பது. புதுப் பையன் பின் ஆகாமல், ஏழு புள்ளிக்குள் தோற்றால் அணிக்குப் போவது 3 மட்டும். அதாவது 3 புள்ளி மிச்சம். அனுபவமில்லாத கோச்சுகள் முதல் வாரமே டபுள் லெக், சிங்கிள் லெக் என்று, நின்றபடி எதிராளியின் காலைப் பிடித்துச் சாய்க்கும் பிடிகளில் ஆரம்பித்துவிடுகிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அங்கே ஆடுவது ‘ஃபோக்ஸ்டைல்’. நாம் ஒலிம்பிக்கில் பார்க்கும் ஃப்ரீஸ்டைலில் கீழே கிடப்பவரைக் கொஞ்ச நேரத்தில் நடுவர் எழுப்பிவிடுவார். ஃபோக்ஸ்டைலில் மேலே இருப்பவர் பின்னுக்கு முயன்றுகொண்டே இருந்தால் அந்தச் சுற்று முழுவதும் அமுக்கி வைத்திருக்கலாம். சுற்றுக்கு இரண்டு நிமிடம், மூன்று சுற்று. கீழிருந்து எழத் தெரியாத பையனுக்கு அது நரகம்.

ஆகவே முதல் மூன்று வாரம் கீழ் நிலையில்தான் செலவாக வேண்டும். ‘ஸ்டாண்ட்-அப்’ எழுத்தில் எளிது: தலையை நிமிர்த்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டு, இடுப்பைச் சுற்றியிருக்கும் கையின் விரல்களை இரண்டு கையாலும் பிடி, எதிராளியின் நெஞ்சில் முதுகைச் சாய்த்து அழுத்திக்கொண்டே ஒரு காலை ஊன்றி எழு, இடுப்பை விலக்கு, திரும்பி முகத்துக்கு நேர் நில். கெட்டுப்போகும் இடம் எப்போதும் ஒன்றுதான். பையன் முன்பக்கம் குனிந்து எழுவான். எடை முன்னால் போனதும் மேலே இருப்பவர் லேசாகத் தள்ளினால் போதும், மறுபடி முகங்குப்புற. இரண்டாவது தவறு, கையைப் பிடிக்காமலே எழுந்து நிற்பது. நின்றதோடு சரி, பிடி விலகாது, தூக்கிப் போட்டுவிடுவார்கள். கீழிருந்து உருண்டு தப்பும் ‘கிரான்பி ரோல்’ என்ற பிடிக்கே ஒரு பள்ளியின் பெயர்தான்: வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் உள்ள கிரான்பி உயர்நிலைப் பள்ளி. அங்கே கோச்சாக இருந்த பில்லி மார்ட்டின் அதைப் புகழ்பெறச் செய்தார்.

எடை விஷயத்தில் கோச் ஏமாந்தால் வேலையே போகலாம். 1997-ல் சுமார் ஒரு மாத இடைவெளியில் மூன்று கல்லூரி வீரர்கள் எடை குறைக்கப் போய் இறந்தார்கள். அதன் பிறகு பள்ளிகளுக்கும் விதிகள் இறுகின. பருவத் தொடக்கத்தில் சிறுநீரின் ஒப்படர்த்தி (உடம்பில் நீர் குறைந்திருப்பதைக் காட்டும் அளவு) 1.025-க்கு மேல் இருந்தால் சோதனை செல்லாது, வேறொரு நாள் வர வேண்டும். தேறினால் உடல் கொழுப்பை அளப்பார்கள். பையன்களுக்கு 7 சதவீதம், பெண்களுக்கு 12 சதவீதம் கீழ் எல்லை. வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது. 150 பவுண்டு பையன், கொழுப்பு 14 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழுப்பு 21 பவுண்டு போக மீதி 129. கொழுப்பு 7 சதவீதம் மட்டும் இருக்கும்படி அதை 0.93-ஆல் வகுத்தால் 138.7. பதினான்கு பிரிவுப் பட்டியலில் 138 இருக்கிறது; முக்கால் பவுண்டில் அது கை நழுவுகிறது. 144-தான் அவனுக்கு. வாரம் சுமார் 2.25 பவுண்டு வீதம் மூன்று வாரம் ஆகும். இந்தக் கணக்கைப் பெற்றோரிடம் முதல் கூட்டத்திலேயே போட்டுக் காட்டுவது நல்லது. பிறகு “138-ல் இறக்குங்கள்” என்ற நச்சரிப்பு இருக்காது. பிளாஸ்டிக் உடை போட்டு வியர்க்க வைப்பதற்குத் தடை.

தோல் நோயும் அப்படித்தான். படர்தாமரை, இம்பெடைகோ என்ற தோல் புண், ஹெர்பிஸ் வைரஸ் மூன்றும் உடம்போடு உடம்பு பட்டுப் பரவும்; முதல் இரண்டும் மேட் வழியாகவும் வரும். உடம்பில் படர்தாமரை என்றால் 72 மணி நேரம், தலையில் என்றால் 14 நாள் சிகிச்சை எடுத்த பிறகே ஆட விடுவார்கள். ஒரு பங்கு ப்ளீச், நூறு பங்கு தண்ணீர், அன்றன்றைக்குக் கலந்தது; தினமும் மேட்டைத் துடைக்க வேண்டும். நேற்றுக் கலந்ததை இன்றைக்கு வைத்துத் துடைப்பது வெறும் தண்ணீர் தெளிப்பதற்குச் சமம்.

டூயல் அன்று ஒரு சூதாட்டமும் உண்டு. தொடங்கும் முன் சுண்டிப் போட்டுப் பார்ப்பார்கள். எந்தப் பிரிவுகளில் யார் முதலில் ஆளை அனுப்ப வேண்டும் என்பது அதில் முடிவாகும். எதிரணி யாரை அனுப்புகிறது என்று பார்த்துவிட்டு, உங்கள் ஆளை அடுத்த மேல் எடைக்கு நகர்த்தலாம், ஒரு படி மட்டும். 150-ல் அவர்களுடைய மாநிலச் சாம்பியன் நின்றால், உங்கள் நல்ல பையனை 157-க்கு ஏற்றி ஜெயித்துக்கொண்டு, 150-ல் பின் ஆகாமல் தாங்கக்கூடியவனைப் பலி கொடுப்பார்கள். மாநிலப் போட்டி இதற்கு நேர் எதிர். அங்கே தனிநபர் வெற்றிகளுக்கும் இடங்களுக்கும் புள்ளி என்பதால் நாலைந்து அசகாய சூரர்கள் இருந்தாலே கோப்பை வரும்.

தொழிலாக என்று கேட்டால்: பலர் முழுநேர ஆசிரியர்கள். நம்மூர் பி.இ.டி. மாஸ்டர் மாதிரி விளையாட்டுக்கென்றே நியமித்தவர்கள் அல்ல. கணக்கோ வரலாறோ நடத்துகிறவர் மாலையில் மேட் ரூமுக்கு வருவார். கோச் வேலைக்குக் கிடைப்பது பருவத்துக்குச் சில ஆயிரம் டாலர் படி மட்டும். பாதை பெரும்பாலும் நடுநிலைப் பள்ளி அல்லது ஜூனியர் அணியின் உதவிப் பயிற்சியாளர், பிறகு தலைமை. சி.பி.ஆர்., முதலுதவி, தலைக்காயம் பற்றிய பயிற்சிச் சான்று, பின்னணிச் சோதனை ஆகியவை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். இன்றைக்கு நுழைகிறவருக்குப் பெண்கள் அணியில் இடம் அதிகம். 1998-ல் ஹவாய் முதன்முதலாகப் பெண்களுக்கு மாநிலப் போட்டி நடத்தியது. இப்போது பெரும்பாலான மாநிலங்களில் இருக்கிறது, பயிற்சியாளர்களுக்குத்தான் பஞ்சம்.

நேர்காணலில் பள்ளி உங்களைக் கேட்பதைவிட நீங்கள் கேட்க வேண்டியவை முக்கியம். சென்ற ஆண்டு முதல் நாள் எத்தனை பேர் வந்தார்கள், கடைசி நாள் எத்தனை பேர் மிஞ்சினார்கள்? எத்தனை எடைகள் காலியாகப் போயின? மேட் எத்தனை வருடப் பழசு? ஊரில் குழந்தைகள் கிளப் இருக்கிறதா, அதை நடத்துகிறவர் பழைய கோச்சின் ஆளா? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தயங்கினால், சம்பளத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த ஆளை ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள்.